மூங்கிலை வைத்துப் போட்ட போர்

1835-ஆம் வருடம் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், சிகோங் என்ற ஊரில், ஒரு ஆழ்துளைக் கிணறு, நம்ம பேச்சில் சொன்னால் போர், போட்டு முடித்தார்கள். ஆழம் 1001 மீட்டர். நம்ம கணக்கில் 3,280 அடிக்குக் கொஞ்சம் மேலேயே வரும். ஆரம்பித்தது 1823-இல். இன்ஜின் கிடையாது, கம்ப்ரசர் கிடையாது. இரும்பு உளி, மூங்கில் கயிறு, ஒரு மரப்பலகை, அதன் மேல் ஏறி இறங்க ஆட்கள். இவ்வளவுதான் சாமான். மனிதன் பூமியில் போட்ட துளைகளில் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய முதல் துளை அதுதான். ஷென்ஹாய் கிணறு என்று பேர்.

பன்னிரண்டு வருடத்துக்கு 1001 மீட்டர் என்றால், ஒரு நாளைக்கு ஒரு சாண். நல்ல நாளும் கெட்ட நாளும் சேர்த்து, சராசரி ஒரு சாண். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நான் திருச்செங்கோட்டுப் பக்கம். போர் போடும் எங்கள் ஊர் ரிக் வண்டிகளைப் பார்க்காத மாநிலம் இந்தியாவில் இருக்காது. ராஜஸ்தான், சத்தீஸ்கர், மகாராஷ்டிரா என்று எங்கே போனாலும், காட்டுக்குள் புழுதி கிளம்பினால் பக்கத்தில் நம்ம ஊர்ப் பேச்சு கேட்கும். ஹெல்பராக வண்டி ஏறி, டிரில்லராகி, இப்போது பாறையை அடிக்கும் ஹாமரும் அதன் முனையில் மாட்டும் பிட்டும் சரிபண்ணும் பட்டறை வைத்திருக்கிறேன். நம்ம வண்டி ஒரு பகல் ஒரு ராத்திரிக்குள் ஆயிரம் அடி இறங்கிவிடும். இருபது அடி ராடு ஐம்பது மாட்டிக் கழற்றினால் முடிந்தது. அதனால்தான் அந்த ஒரு சாண் எனக்கு இத்தனை பெரிதாகத் தெரிகிறது.

பழைய சீனாவின் கண்டுபிடிப்பு என்று கேட்டால் எல்லாரும் காகிதம், அச்சு, திசைகாட்டி, வெடிமருந்து என்று நாலைச் சொல்வார்கள். கட்டடம் என்றால் பெருஞ்சுவர். எல்லாம் பெரிய விஷயங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் போர் போடும் தொழில் இல்லாதது எனக்குப் பெரிய குறை. இத்தனைக்கும் அச்சும் வெடிமருந்தும் போரும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் ஏட்டில் ஏறியவை. பி ஷெங் என்பவர் களிமண்ணில் தனித்தனி எழுத்துகளைச் சுட்டு அச்சுக்கோத்தது 1041-க்கும் 1048-க்கும் நடுவில். வெடிமருந்துக்கு என்னென்ன எவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற கணக்கு ராணுவ நூல் ஒன்றில் எழுதப்பட்டது 1044-இல். சிச்சுவானில் சிறிய வாயுள்ள போர் போட ஆரம்பித்ததும் அதே 1040-களில்தான். ஒரே பத்து வருடத்தில் மூன்று காரியம். முதல் இரண்டும் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போயின.

எதற்காகப் போர் போட்டார்கள்? உப்புக்கு. சிச்சுவானுக்கும் கடலுக்கும் வெகு தூரம். ஆனால் பாறைக்கு அடியில், எந்தக் காலத்திலோ இருந்த கடலின் மிச்சமாக உப்புத் தண்ணீர் கிடந்தது. எங்கள் பக்கம் போரில் சப்பத் தண்ணி, அதாவது உப்புக் கரிக்கும் தண்ணி, வந்தால் தோட்டத்துக்காரர் முகம் வாடிப்போகும். அங்கே உப்புத் தண்ணி வந்தால்தான் போட்ட காசு திரும்பும்.

முதலில் அங்கேயும் நம்ம ஊர் வெட்டுக்கிணறு மாதிரி அகலமாகத்தான் தோண்டினார்கள். அதை ஆரம்பித்து வைத்தவர் லி பிங் என்று அவர்களுடைய பழைய வரலாறு சொல்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அந்த நாட்டை ஆள அனுப்பப்பட்ட அதிகாரி. தண்ணீர் வேலை தெரிந்தவர்களுக்கு அவர் வேறு ஒரு காரியத்தால் தெரிந்திருக்கலாம். மின் ஆற்றைப் பிரித்து செங்டு சமவெளிக்குப் பாயவிட்ட துஜியாங்யான் பாசனம் அவர் செய்தது, கி.மு. 256 வாக்கில். ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டவில்லை. நடு ஆற்றில் மீன் வாய் வடிவத்தில் ஒரு கரை எழுப்பி ஆற்றை இரண்டாகப் பிரித்தார்கள். மூங்கில் கூடைகளைப் பின்னி, உள்ளே கூழாங்கல்லை நிரப்பி இறக்கிக் கட்டிய கரை. உள் ஆற்றுத் தண்ணீரை வயலுக்குத் திருப்ப ஒரு மலையை வெட்ட வேண்டியிருந்தது. அப்போது வெடிமருந்து கிடையாது. பாறை மேல் விறகை அடுக்கித் தீ மூட்டி, சூடேறியதும் தண்ணீரை ஊற்றி, வெடித்த பாறையைப் பெயர்த்து எடுத்தார்கள். படுகையை ஆழமாகத் தூர் வாரு, கலிங்கை உயர்த்தாதே என்று ஒரு விதி வைத்து, வாய்க்காலைத் தலைமுறை தலைமுறையாகப் பராமரித்தார்கள். ஆறு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இன்றைக்கும் அதில் பாய்கிறது. பவானியில் அணை கட்டி 13-ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால் ஈரோட்டுப் பக்கம் மஞ்சளுக்கும் நெல்லுக்கும் இன்னும் பாய்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இப்படி ஒரு வேலை எத்தனை பேர் கையைத் தாண்டி வந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

சரி, போருக்கு வருகிறேன்.

பாறையில் துளை போட மூன்று வேலை போதும். அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் உளியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். உடைந்ததை வெளியே எடுக்க வேண்டும். என் அப்பாரு காலத்தில் கிணறு வெட்டும்போது வெடி வைக்கத் தமர் போடுவார்கள். ஒருவர் குத்தவைத்து உளியைப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். அடி விழுந்ததும் பிடித்திருப்பவர் உளியைக் கால் திருப்புத் திருப்புவார். திருப்பாவிட்டால் துளை வட்டமாக வராது, உளி இறுகிக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கல்பொடியைக் குழம்பாக்கி வழித்து எடுப்பார்கள். இன்றைக்கு எங்கள் ரிக்கில் ஓடும் ஹாமரும் இதே வேலையைத்தான் செய்கிறது. காற்றழுத்தம் உள்ளே இருக்கும் பிஸ்டனைத் தூக்கி அடிக்கிறது, ராடு சுற்றுகிறது, அதே காற்று பொடியை மேலே தள்ளுகிறது. அடி, திருப்பு, எடு.

சிச்சுவான்காரர்கள் அதை ஆயிரம் மீட்டருக்குக் கொண்டுபோனது எப்படி என்பதுதான் விஷயம். கிணற்று வாய்க்கு மேல் ஒரு நீண்ட பலகை, நடுவில் தாங்கி. ஒரு முனையில் மூங்கில் கயிறு, அதன் அடியில் இரும்பு உளி. மறு முனையில் ஆட்கள் ஏற்றம் மிதிப்பது மாதிரி ஏறி மிதிப்பார்கள். உளி மேலே வரும். சட்டென்று இறங்கிவிடுவார்கள், உளி பாறையில் போய் விழும். வாய்ப்பக்கம் நிற்கும் ஆள் கயிற்றைத் திருகிவிடுவார். காலையிலிருந்து பொழுது சாய இதே வேலை. கயிறு எதில் என்றால், மூங்கிலைப் பிளந்து சீவிய பட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியது. சணல் கயிறு அவ்வளவு ஆழத்தில் இழுபட்டு நீளும், அடியின் வேகம் பாறைக்குப் போகாது. மூங்கில் பட்டை நீளாது, தண்ணீரில் ஊறினாலும் உறுதி குறையாது.

உளியும் ஒரே வகை கிடையாது. வாய் திறக்க மீன் வால் வடிவத்தில் ஒன்று, ஆளுயரத்தை விட நீளம். வேகமாக இறங்க அவர்களுடைய வெள்ளிக்கட்டி வடிவத்தில் ஒன்று. துளையை வட்டமாக, வழவழப்பாகக் கொண்டுவரக் குதிரைக் குளம்பு வடிவத்தில் ஒன்று. பட்டறைக்காரனாகச் சொல்கிறேன், இந்த மூன்றைப் பார்த்தாலே அவர்கள் பாறையை எவ்வளவு கவனித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எந்தக் கல்லுக்கு எந்த முகம் என்று பல வருடம் தேய்த்துப் பார்த்த பிறகுதான் இப்படி வடிவம் பிரியும்.

பொடியை எடுக்கும் சாமான்தான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது. நீளமான மூங்கில் குழாய், உள்ளே கணு எல்லாம் குடைந்து எடுத்தது. அடியில் ஒரு தோல் மூடி. குழாய் இறங்கும்போது சேறும் தண்ணீரும் தோலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். மேலே இழுத்தால் உள்ளே இருக்கும் பாரமே தோலை அழுத்தி மூடிவிடும். மோட்டாரின் ஃபுட் வால்வில் இருப்பது இதே ஏற்பாடுதான். சு ஷி என்ற பெருங்கவிஞர், சிச்சுவானில் பிறந்தவர், 11-ஆம் நூற்றாண்டில் இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். கிண்ணத்தின் வாய் அளவே உள்ள கிணறு, பெரிய மூங்கிலின் கணுவை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றைச் சொருகிச் சுவராக இறக்குகிறார்கள், நல்ல தண்ணீர் உள்ளே வராமல் அது தடுக்கிறது, சின்ன மூங்கிலை வாளியாக விடுகிறார்கள், அடியில் சில அங்குலத் தோல் என்று அளவோடு சொல்கிறார். கேசிங் பைப் அது! நாங்கள் மேல்மண் சரியாமல் இருக்க கேசிங் இறக்குகிறோம். அவர்கள் மேலே ஊறும் நல்ல தண்ணீர் கலந்து உப்பின் கடுமை குறையாமல் இருக்க இறக்கினார்கள். பின்னால் மூங்கிலை விட்டு, மரத்தண்டை இரண்டாகப் பிளந்து குடைந்து, மறுபடி ஒட்டி, சணலைச் சுற்றி, டங் என்ற மரத்தின் விதை எண்ணெயும் சுண்ணாம்பும் பூசி இறக்கினார்கள். கிணற்றுச் சுவரில் வெடிப்பு விழுந்தாலும் அதே எண்ணெய், அதே சுண்ணாம்புதான் அடைப்பு.

அதே காலத்தில் வென் தோங் என்று ஒருவர் அந்தப் பக்கத்தில் அதிகாரியாக இருந்தார். மூங்கிலை மையால் வரைவதில் சீனாவிலேயே பேர் போன ஓவியர் அவர். சு ஷிக்கு உறவும் கூட. அவர் அரசுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கிணறுகள் வருகின்றன. வசதியானவர்கள் ஆளுக்குப் பத்து இருபது கிணறு வைத்திருக்கிறார்களாம், அடுத்த நிலையில் இருப்பவர்களுக்கே ஏழெட்டு. ஒவ்வொரு வீட்டிலும் இருபது முப்பதிலிருந்து நாற்பது ஐம்பது வேலையாட்கள். எல்லாம் வெளியூரிலிருந்து பேரை மாற்றிக்கொண்டு ஓடிவந்தவர்கள், முதலாளியோடு ஒத்துவராவிட்டால் கூலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த கிணற்றுக்குப் போய்விடுகிறார்கள் என்று கவலைப்பட்டு எழுதுகிறார். அந்த ஆட்களை எனக்குத் தெரியும். வண்டியிலேயே தூங்கி, டிரம் தண்ணீரில் குளித்து, தீபாவளிக்கும் மாரியம்மன் நோன்பிக்கும் மட்டும் வீடு பார்த்த எங்கள் ஊர்ப் பையன்கள் அவர்கள்தான். இன்றைக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து எங்கள் வண்டிகளில் ராடு மாட்டுகிறவர்களும் அவர்கள்தான். ஓவியர் பேர் நிற்கிறது, கவிஞர் பேர் நிற்கிறது. தோலை அளந்து வெட்டி மூங்கில் அடியில் வைத்துப் பார்த்த முதல் ஆளின் பேர் எந்த ஏட்டிலும் இல்லை. இது என்னைக் கஷ்டப்படுத்துகிறது.

அரசாங்கம் இந்தத் தனியார் கிணறுகளை மூடிவிட்டு, வேறு மாகாணத்து உப்பைக் கொண்டுவந்து விற்கலாமா என்று ஒரு கட்டத்தில் யோசித்தது. வேண்டாம் என்று பேரரசரிடம் எடுத்துச் சொன்னவர் ஷென் குவோ. எல்லைப்பக்கத்தில் சின்னக் கிணறுகள் எத்தனையோ இருக்கின்றன, அதையெல்லாம் எப்படிக் காவல் காப்பது என்பது அவர் வாதம். காந்த ஊசி நேர் தெற்கைக் காட்டாமல் கொஞ்சம் கிழக்கே விலகி நிற்கும் என்று 1088 வாக்கில் எழுதினாரே, அதே ஷென் குவோ. பி ஷெங்கின் அச்சைப் பற்றி நமக்குச் சொன்னதும் அவர்தான்.

அப்புறம் கட்டுமானம். துளை ஆழமாக ஆக, உப்புத் தண்ணீர் எடுக்கும் மூங்கில் குழாயும் நீளமாக வேண்டும். நீளக் குழாயை முழுதாக வெளியே தூக்க மேலே உயரம் வேண்டும். ஆக, பூமிக்குள் போகப் போக வானத்திலும் ஏறினார்கள். தேவதாரு வகை மரத்தண்டுகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, மூங்கில் கயிற்றால் இறுக்கி, நாலு பக்கமும் இழுவைக் கயிறு கட்டி நிறுத்திய கோபுரங்கள். சிகோங்கில் இருந்தவற்றில் மிக உயரமானது 113 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல்! மரமும் கயிறும் மட்டும். எருமைகளைப் பூட்டிப் பெரிய உருளையைச் சுற்றித்தான் கயிற்றை இழுத்தார்கள். நம்ம பக்கம் எருது பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டியபோது எருது வாரிச் சரிவில் இறங்கி வடக்கயிற்றை இழுக்கும், தண்ணீர்ப் பறி மேலே வரும். அங்கே கிணற்றைத் தள்ளி எருமை வட்டம் சுற்றும்.

சில கிணறுகளில் உப்புத் தண்ணீரோடு எரிவாயுவும் வந்தது. பயந்து மூடவில்லை. மூங்கில் குழாயில் அதைக் கொண்டுபோய் அடுப்பில் விட்டு, அந்த நெருப்பிலேயே உப்புத் தண்ணீரைக் காய்ச்சினார்கள். ஷென்ஹாய் கிணற்றில் ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 8,500 கன மீட்டர் வாயு வந்திருக்கிறது. கொதிக்கும் சட்டியில் சோயாப் பாலைக் கொஞ்சம் ஊற்றுவார்கள். அது அழுக்கைத் திரட்டிக்கொண்டு நுரையாக மேலே வரும், வழித்துப் போட்டுவிட்டால் உப்பு வெள்ளை வெளேரென்று இறங்கும். அந்தக் கிணற்றில் இன்றும் அப்படித்தான் உப்புக் காய்ச்சுகிறார்கள்.

1820-களின் கடைசியில் இம்பெர் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இதையெல்லாம் பார்த்து, 1,500 அடிக்கு மேல் ஆழமுள்ள கிணறுகள் என்று ஊருக்குக் கடிதம் எழுதினார். பாரிஸில் நம்பாதவர்கள் இருந்தார்கள். கயிற்றில் கட்டிய உளியால் அவ்வளவு ஆழம் போக முடியாது என்றார்கள். அமெரிக்காவில் டிரேக் 1859-இல் எண்ணெய்க்குப் போட்ட போர்தான் பெட்ரோலியத் தொழிலின் தொடக்கம் என்று சொல்வார்கள். அதன் ஆழம் 69 அடி. நீராவி இன்ஜின் வைத்துப் போட்டது. அதற்கு 24 வருடம் முன்னாலேயே ஷென்ஹாய் முடிந்துவிட்டது.

டிரில்லருக்குப் பாறைதான் பாடம். புழுதி நிறம் மாறினால், ஹாமர் சத்தம் மாறினால் உடனே தெரியும். வெங்கச்சாங்கல் வந்தால் ஒரு சத்தம், கருங்கல்லுக்கு ஒரு சத்தம். "அடியில கல்லு மாறுதுங்க, ஊத்து பக்கத்துல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டால் தோட்டத்துக்காரர் கட்டிலில் இருந்து எழுந்து வந்து நிற்பார். ஆனால் நாங்கள் யாரும் எழுதி வைப்பதில்லை. சிகோங்காரர்கள் எழுதினார்கள். எந்த ஆழத்தில் எந்தக் கல், எவ்வளவு கனம் என்று ஒவ்வொரு கிணற்றுக்கும் பதிவு இருந்தது. பாசிப்பயறுக் கல் என்று அவர்கள் பேர் வைத்த ஒரு பச்சை அடுக்கு உண்டு, எரிமலைச் சாம்பல் படிந்து உண்டானது. அது வந்தால் எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். அந்தப் பேரைச் சீனாவின் நிலவியல்காரர்கள் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. துளைக்குள் சாமான் விழுந்தால் என்ன செய்வது? எங்கள் தொழிலில் இதை விடப் பெரிய பயம் கிடையாது. ராஜஸ்தானில் ஒரு தடவை, இளகிய அடுக்கில் பக்கச் சுவர் சரிந்து ஹாமர் இறுகியது. இழுத்த இழுப்பில் ராடு மரை அறுந்து எல்லாம் உள்ளே போய்விட்டது. மரை போட்ட கூம்பு ஒன்றை இறக்கி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கையில் வரும் அதிர்வை மட்டும் நம்பி அறுந்த ராடின் வாயைத் தேடினோம். பிடித்தது என்று நினைத்துத் தூக்கினால் வெறும் கூம்பு வரும். மறுபடி இறக்க வேண்டும். ராத்திரி முழுக்க யாரும் சாப்பிடவில்லை. விடிகிற நேரத்தில் பாரம் ஏறியது கேஜில் தெரிந்தபோது, வண்டியில் இருந்த எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

சிகோங்கில் உப்புத் தொழிலுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஷான்சி வியாபாரிகள் 1736-லிருந்து 1752 வரை கட்டிய மண்டபத்தில் 1959-இல் தொடங்கியது. வளைந்து எழும்பும் கூரை முனைகளும் மரச்செதுக்கலும் தங்கப் பூச்சுமாக, உப்பில் வந்த காசு என்னவெல்லாம் செய்யும் என்று காட்டும் கட்டடம். அதற்குள் கோயில் மாதிரி வைத்துக் காப்பாற்றுவது என்ன தெரியுமா? விழுந்த சாமானை எடுக்கும் கருவிகள். கொக்கி வைத்தவை, கீழே போகும்போது விரிந்து மேலே வரும்போது பற்றிக்கொள்ளும் நகங்கள் வைத்தவை, அறுந்த கயிற்றைக் கோத்து இழுப்பவை, கவிழ்ந்து கிடக்கும் உளியை நிமிர்த்துபவை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கிணற்றில் ஏதோ ஒரு ராத்திரி தேவைப்பட்டு, கொல்லன் பட்டறையில் அவசரமாக அடித்தது. படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு நகத்தின் சரிவையும் பார்த்தேன். இரண்டை அப்படியே தகட்டில் வெட்டி வைத்திருக்கிறேன். ஒன்று ஆறரை அங்குல போருக்குச் சரியாக இறங்குகிறது.

இந்தியா முழுக்கப் போர் போட்ட ஊர் திருச்செங்கோடு. எங்களிடம் அப்படி ஒரு அறை கூட இல்லை. பழைய பிட், தேய்ந்த ஹாமர், அப்பாரு காலத்துத் தமர் உளி, சம்மட்டி எல்லாம் எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. என் பட்டறையின் பின்பக்கத்தில் ஒரு அலமாரி போட்டு, கிடைத்ததைப் பேரும் ஊரும் எழுதிச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். ஈரோடு, நாமக்கல், சேலம், கரூர்ப் பக்கம் யார் வீட்டிலாவது கிணறு வெட்டிய சாமான் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். யார் கையில் இருந்தது, எந்தக் கிணற்றுக்கு உழைத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் எழுதி வைத்துவிடுவேன்.